கார்ட்ரிட்ஜை ஏற்க மறுக்கும் பிரிண்டர்: புதிது வாங்குவதற்கு முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

பிரிண்டர் கார்ட்ரிட்ஜை ஏற்கவில்லை என்றால் பெரும்பாலோர் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் புது கார்ட்ரிட்ஜ் வாங்கிவிடுவார்கள். அதுவும் ஏறாவிட்டால் துணியை எடுத்துத் துடைப்பார்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது கடைசியில்தான். கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கார்ட்ரிட்ஜ் வாங்க ஒரு திசையில் பாலக்காடு, மறு திசையில் பொள்ளாச்சி. எங்கே போனாலும் அரைநாள் போய்விடும். தப்பான எண்ணை வாங்கி வந்து சீலையும் கிழித்துவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். ஆகவே காசு செலவாகாத சோதனைகள் எல்லாம் முன்னால், செலவாகும் சோதனைகள் பின்னால் என்ற வரிசையில் போவோம்.

இது கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டே கார்ட்ரிட்ஜ் போடும் சின்ன ஹெச்பி டெஸ்க்ஜெட், கேனான் பிக்ஸ்மா வகைகளுக்கான வழிகாட்டி. பாட்டிலில் மை ஊற்றும் டேங்க் பிரிண்டர்களுக்கு இது பொருந்தாது. இந்த இரண்டு கார்ட்ரிட்ஜ் வகையில், மையைத் தாளில் தெளிக்கும் தலையே கார்ட்ரிட்ஜோடு ஒட்டி வருகிறது. அதற்கு மின்சாரம் போவது கார்ட்ரிட்ஜின் பக்கத்தில் இருக்கும் செம்பு நிறப் புள்ளிகள் வழியாக. 'கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை' என்று பிரிண்டர் சொன்னால், அந்தப் புள்ளிகள் வழியாக எதிர்பார்த்த பதில் வரவில்லை என்று பொருள். மை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பஞ்சு உதிராத துணி ஒன்று. மூக்குக்கண்ணாடி துடைக்கக் கடையில் கொடுக்கும் துணியே போதும், புதிதாக இருக்கட்டும். பழைய வேட்டித் துண்டும் டிஷ்யூ பேப்பரும் வேண்டாம். இழை பிரிந்து புள்ளிகளில் ஒட்டிக்கொண்டால் அதுவே அடுத்த கோளாறாகிவிடும்.

டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக வாங்கி வைத்தது இருந்தால் அதில் இரண்டு மூடி போதும். ஆனால் பேட்டரிக்குள் ஏற்கெனவே ஊற்றியதை எடுத்துவிடாதீர்கள், அது அமிலம். டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காவிட்டால் குடிக்க வாங்கும் பாட்டில் தண்ணீர். கிழக்குப் பாலக்காட்டுப் போர்வெல் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். பாத்திரத்தில் நிற்பது போலவேதான் செம்பிலும் நிற்கும்.

ஒரு டார்ச், பழைய செய்தித்தாள், கைபேசி. கைபேசி எதற்கென்றால் மூன்று படங்கள் எடுக்க: பிரிண்டரின் முழு மாடல் எண், கார்ட்ரிட்ஜ் லேபிள், திரையில் வந்த செய்தி. பிறகு கடைக்குப் போகும்போது வாயால் சொல்வதைவிட இந்தப் படங்களைக் காட்டுவதே நல்லது.

2. செய்தியை முழுதாகப் படியுங்கள்

பிரிண்டர் சொல்வதெல்லாம் மறுப்பு இல்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை, மறுப்பு, பூட்டு. எச்சரிக்கை என்றால் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடரலாம். மறுப்பு என்றால் இங்கே சொல்லும் படிகள் எல்லாம் உதவும். பூட்டு என்றால் எவ்வளவு துடைத்தாலும் திறக்காது. நேராக 9-ஆம் படிக்குப் போகலாம்.

கேனானின் எம்ஜி2570எஸ் போன்ற மாடல்களில் சின்னத் திரையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் வரும். இ13, இ16 (திரையில் E13, E16) இரண்டும் மை தீர்ந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை. கணினியில் இவை 1686, 1688 என்று தெரியும். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜில் இவை வந்தே தீரும், ஏனென்றால் நீங்கள் மை ஊற்றியது பிரிண்டருக்குத் தெரியாது. ஸ்டாப் பொத்தானைக் குறைந்தது 5 விநாடி அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை அளவு பார்ப்பதை நிறுத்திவிட்டு அச்சடிக்கத் தொடங்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம்.

அதே கேனானில் இ04, இ05, இ14, இ15 வந்தால் அது மறுப்பு. கார்ட்ரிட்ஜ் சரியாக உட்காரவில்லை, பொருந்தாத கார்ட்ரிட்ஜ், அல்லது அடையாளம் தெரியவில்லை. இ08 வந்தால் கார்ட்ரிட்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை: பிரிண்டர் அடியில் கழிவு மையை உறிஞ்சும் திண்டு நிரம்பி வருகிறது என்று அர்த்தம். அதற்காகக் கார்ட்ரிட்ஜ் மாற்றுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது போல.

ஹெச்பியின் விலை குறைந்த மாடல்களில் திரையே இருக்காது, விளக்குகள்தான் மின்னும். விளக்கை வைத்து ஊகிக்காதீர்கள். கணினியில் ஹெச்பி மென்பொருளையோ கைபேசியில் ஹெச்பி செயலியையோ (முன்பு இதன் பெயர் ஹெச்பி ஸ்மார்ட்) திறந்தால் முழு வாக்கியம் வரும். 'யூஸ்டு ஆர் கவுன்டர்ஃபிட்' என்றிருந்தால் பெரும்பாலும் ஓகே அல்லது கன்டினியூ அழுத்திக் கடந்துவிடலாம். 'கார்ட்ரிட்ஜ் ப்ராப்ளம்' என்றால் மின்தொடர்புச் சிக்கல். 'இன்கம்பேட்டிபிள்' என்றால் எண்ணையோ, விற்பனை மண்டலத்தையோ (3-ஆம் படியில் வரும்) சந்தேகப்படுங்கள். 'ப்ரொடெக்டட்' என்ற சொல் எங்கே வந்தாலும் அது பூட்டு.

3. எண் பொருந்துகிறதா?

இந்தப் படியில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வெளித்தோற்றத்தை வைத்துக் கார்ட்ரிட்ஜைத் தீர்மானிக்கவே முடியாது. ஹெச்பி 803, 680, 682, 805 நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். உள்ளே போய் 'க்ளிக்' என்று உட்காரவும் செய்யலாம். உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தில் கவனம் வையுங்கள். டெஸ்க்ஜெட் 2131, 2132 இரண்டுக்கும் 803. டெஸ்க்ஜெட் இங்க் அட்வான்டேஜ் 2135-க்கு 680. பெட்டியும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றே, கார்ட்ரிட்ஜ் வேறு. அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான்: 2331, 2332-க்கு 805, இங்க் அட்வான்டேஜ் 2335-க்கு 682. கடையில் 'ஹெச்பி இருபத்தொன்று முப்பது சீரிஸ்' என்று சொன்னால் அவர் கையில் எது வருகிறதோ அதைத்தான் கொடுப்பார். உங்கள் பிரிண்டரில் 'இங்க் அட்வான்டேஜ்' என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு சொற்களையும் சொல்ல மறக்காதீர்கள்.

கேனானில் எம்ஜி2570எஸ், எம்ஜி2577எஸ், எம்ஜி3070எஸ் மாடல்களுக்குக் கறுப்பு பிஜி-745, கலர் சிஎல்-746. இ என்ற எழுத்தில் தொடங்கும் இ410, இ470 போன்றவற்றுக்கு பிஜி-47, சிஎல்-57. 745, 745எஸ், 745 எக்ஸ்எல் மூன்றும் மையின் அளவில்தான் வேறுபடும். எதை வேண்டுமானாலும் போடலாம். 745-ம் 47-ம் அப்படியல்ல, ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

எல்லையோர ஊர்களில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு: வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்த பிரிண்டர். ஊருக்கு வந்த மாமாவோ மச்சானோ துபாயில் வாங்கிய பிரிண்டர் அது. கூடவே வந்த கார்ட்ரிட்ஜ் இருக்கும்வரை நன்றாக ஓடும். அது தீர்ந்து, இங்கே கடையில் வாங்கிப் போட்ட அன்று 'இன்கம்பேட்டிபிள்' என்று நின்றுவிடும். பிரிண்டரிலும் கோளாறில்லை, கார்ட்ரிட்ஜிலும் கோளாறில்லை. கம்பெனிகள் உலகை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஓர் எண் கொடுத்து விற்கின்றன.

கணக்கு இதுதான். இங்க் அட்வான்டேஜ் 2135 இங்கே வாங்கியதென்றால் 680. அதே 2135 வளைகுடாவில் வாங்கியதென்றால் 652. டெஸ்க்ஜெட் 2130 வரிசைக்கு இங்கே 803, அங்கே 123. கேனானில் இங்கே 745-746, அங்கே 445-446. பிரிண்டரோடு முதலில் வந்த கார்ட்ரிட்ஜின் லேபிளைப் பார்த்தால் எந்த மண்டலம் என்று உடனே தெரிந்துவிடும்.

வளைகுடாப் பிரிண்டருக்கு வழி மூன்று. ஒன்று, அடுத்து ஊருக்கு வருபவரிடம் சரியான எண்ணைச் சொல்லி வாங்கிவரச் சொல்வது. இரண்டு, தீர்ந்துபோன அந்த மண்டலக் கார்ட்ரிட்ஜையே ரீஃபில் செய்வது. ஆகவே காலி 652-ஐயோ 445-ஐயோ தூக்கி எறியாதீர்கள், இங்கே அதற்கு மாற்றுக் கிடைப்பது கடினம். மூன்று, நாடு மாறி வந்தவர்களுக்கு மண்டலத்தை மாற்றிக்கொடுக்கும் முறை ஹெச்பி வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறது. பிரிண்டரைக் கணினியோடு இணைத்து, சீரியல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். மூன்றில் இரண்டாவதுதான் சீக்கிரம் முடியும்.

புதுப் பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜில் 'செட்டப்' என்று அச்சிட்டிருந்தால் முதலில் அதைத்தான் போட வேண்டும். சில ஹெச்பி மாடல்கள் அது இல்லாமல் முதல் தொடக்கத்தையே முடிக்காது. அதே செட்டப் கார்ட்ரிட்ஜை எடுத்து வேறொரு பிரிண்டரில் போட்டால் அதுவும் ஏற்கப்படாது.

4. டேப், இடம், கதவு

புதுக் கார்ட்ரிட்ஜில் நாசில் (மை தெளிக்கும் துளைகள் உள்ள தகடு) மேல் ஒரு பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருக்கும். அதன் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் எடுங்கள். பாதியில் அறுந்து மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். டேப்பை எடுக்கிறேன் என்று அந்தச் செம்புப் பட்டையையே பிய்த்து எடுத்தவர்களும் உண்டு. அது மின்சுற்று, பிய்ந்தால் கார்ட்ரிட்ஜ் போயிற்று. எடுத்த டேப்பைத் திருப்பி ஒட்டவும் கூடாது, மை கலந்துவிடும்.

இந்த ஹெச்பி, கேனான் மாடல்களில் முன்னால் நின்று பார்த்தால் கலர் இடது, கறுப்பு வலது. கார்ட்ரிட்ஜைப் போடும்போது அரைகுறையாகத் தள்ளிவிட்டு விடுவதுதான் வழக்கமான தவறு. 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். பிறகு இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஊசிகளில் சில தொடாது.

கதவு முழுதாக மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கதவு திறந்திருப்பதாகப் பிரிண்டர் நினைத்தால் கார்ட்ரிட்ஜைச் சோதிக்கவே ஆரம்பிக்காது.

5. மின்சாரத்தை முழுதாக எடுத்து, திருப்பிக் கொடுப்பது

இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் சரியாகச் செய்பவர்கள் குறைவு. பிரிண்டர் ஆன் ஆகி இருக்கும்போதே, அதன் பின்புறத்தில் இருந்து பவர் கார்டை உருவுங்கள். சுவரில் இருந்தும் உருவுங்கள். 60 விநாடி காத்திருந்து மறுபடி செருகுங்கள். முன்பக்கப் பொத்தானை அணைத்துப் போட்டால் மட்டும் போதாது; அதற்குப் பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பழைய பிழை நினைவிலிருந்து போகாது.

திருப்பிச் செருகும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர் சாக்கெட்டிலேயே நேராகக் கொடுங்கள். வளைகுடாப் பிரிண்டர் என்றால் அதன் பிளக் செவ்வகக் கால்கள் கொண்டது. நம் சாக்கெட்டில் ஆடும் அடாப்டர் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் மின்சாரம் விட்டு விட்டுப் போகும். பவர் கார்டைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் இந்திய மூன்று பின் கார்டு ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள்.

6. இரண்டில் எது?

ஒன்று கெட்டிருந்தாலே பிரிண்டர் மொத்தமாக நின்றுவிடும். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவது பாதிக் காசை வீணாக்குவது.

கறுப்பை வெளியே எடுத்துவிட்டு, கலர் மட்டும் உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் ஹெச்பி டெஸ்க்ஜெட்கள் பெரும்பாலும் ஒற்றைக் கார்ட்ரிட்ஜிலும் ஓடும். பழைய பிழை மறைந்து, 'ஒன்று இல்லை' என்ற செய்தி மட்டும் வந்தால் குற்றவாளி வெளியே இருக்கும் கறுப்பு. பிழை அப்படியே நின்றால் இப்போது கலரை எடுத்துக் கறுப்பைப் போட்டுப் பாருங்கள். கேனான் ஒன்றை மட்டும் வைத்து ஓட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனாலும் ஒன்றை எடுத்ததும் பிழை எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதுவே துப்பு.

தனித்தனியாகப் போட்டால் இரண்டும் ஓடுகிறது, சேர்த்துப் போட்டால் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் புள்ளிகளில் மை கசிந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. எதைப் போட்டாலும் மறுக்கிறது என்றால் சந்தேகம் பிரிண்டர் பக்கம் திரும்பும்.

அவசரத்துக்கு ஒரு வழி: கெட்டது கறுப்புதான் என்று தெரிந்துவிட்டால் ஹெச்பியில் கலரை மட்டும் வைத்து ஆதார் நகலையோ விண்ணப்பத்தையோ எடுத்துவிடலாம். மூன்று நிறமும் கலந்து கறுப்பாக வரும், கொஞ்சம் மங்கலாக இருக்கும், அக்ஷயா மையத்திலோ இ-சேவை மையத்திலோ கொடுக்க அது போதும்.

வெளியே எடுத்த கார்ட்ரிட்ஜ் அரை மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடக்கக் கூடாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டி எடுக்கும்போது இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடும். செய்தித்தாள் மேல் நாசில் மேற்பக்கம் பார்க்கும்படி வையுங்கள்.

7. செம்புப் புள்ளிகளைத் துடைப்பது

'துடைத்துப் பார்த்தேன், சரியாகவில்லை' என்று சொல்பவர்களில் பலர் துடைத்தது நாசிலை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜின் அடியில் தாளைப் பார்த்து இருக்கும் சின்ன உலோகத் தகடு நாசில். அதைத் தொடக் கூடாது. அதற்கு மேலே, பக்கவாட்டுச் சுவரில் புள்ளி புள்ளியாக இருப்பவைதான் நாம் துடைக்க வேண்டியவை.

பிரிண்டரை ஆன் செய்து கதவைத் திறங்கள். கார்ட்ரிட்ஜ் வண்டி நடுவுக்கு வந்து நிற்கும். அது நின்ற பிறகுதான் பவர் கார்டை உருவ வேண்டும். முதலிலேயே உருவிவிட்டால் வண்டி ஓரத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும். கையால் இழுத்தால் பல்லும் பெல்ட்டும் போகும்.

ஆறாம் படியில் சந்தேகப்பட்ட கார்ட்ரிட்ஜை மட்டும் எடுங்கள். இரு பக்கங்களையும் பிடியுங்கள், புள்ளிகளில் விரல் படாமல். விரலின் வியர்வையும் எண்ணெயும் செம்பைக் கறுக்க வைக்கும், சித்திரை வெயிலில் வேலை செய்யும்போது சொல்லவே வேண்டாம்.

துணியின் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நாசில் பக்கத்திலிருந்து விலகும் திசையில், மேல் நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் நாசிலில் இருக்கும் மை புள்ளிகளுக்கு ஏறும், நோக்கமே கெடும். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பகுதிக்கு மாறுங்கள். துணியில் மைக்கறை வராதபோது நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை போதும்.

ஸ்பிரிட், சானிடைசர், தின்னர், நகச்சாயம் அழிக்கும் திரவம் எதுவும் வேண்டாம். ஆல்கஹால் கார்ட்ரிட்ஜையும் பிரிண்டரையும் கெடுக்கலாம் என்று ஹெச்பியே தன் கையேட்டில் எச்சரிக்கிறது. பென்சில் அழிப்பானால் தேய்த்தால் பளபளக்கும் என்பது கணினி ரேம் துடைப்பவர்கள் சொல்லும் உபாயம். இங்கே அது செம்பின் மேற்பூச்சையே தேய்த்து எடுத்துவிடும்.

இனி பிரிண்டருக்குள் பார்க்க வேண்டும். வண்டியில், கார்ட்ரிட்ஜின் புள்ளிகள் போய் ஒட்டும் இடத்தில் வரிசையாக ஸ்பிரிங் ஊசிகள் இருக்கும். டார்ச் அடித்து, மை படிந்திருக்கிறதா, ஏதாவது ஊசி வளைந்து உள்ளே போய்விட்டதா என்று பாருங்கள். துணியின் வேறு மூலையை நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றி எடுங்கள். இழுத்துத் துடைத்தால் ஊசியில் துணி மாட்டும். துடைத்த பிறகும் எதுவும் சரியாகவில்லை, கார்ட்ரிட்ஜ் சுத்தமாகத்தான் இருக்கிறது என்றால், இந்த ஊசிகளை இன்னொரு முறை பாருங்கள். பலர் தாண்டிப் போகும் இடம் இது.

பத்து நிமிடம் காய விடுங்கள். மழைக்காலத்தில், அதுவும் மூணாறு, வண்டிப்பெரியாறு மாதிரி மலையூர்களில், இருபது நிமிடமாக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் பக்கத்துப் புள்ளிகளுக்குள் மின்சாரம் பாயும். அதில் கார்ட்ரிட்ஜின் சுற்று நிரந்தரமாகப் போகலாம். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு நாசிலில் இருக்கும் மையைக் கட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மறுப்பு வந்தால் மென்பொருளில் இருக்கும் 'க்ளீனிங்' பொத்தானை அழுத்துவது சிலருக்குப் பழக்கம். அது நாசில் அடைப்புக்கானது. மின்தொடர்பை அது சரிசெய்யாது, இருக்கும் மையைத்தான் குடிக்கும்.

8. ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ் என்றால்

ரீஃபில் செய்வதில் தவறில்லை. ஆனால் மறுப்புக்கு மூன்று காரணங்கள் அங்கேதான் பிறக்கின்றன.

முதலாவது அளவு. கேனான் பிஜி-745-இல் கம்பெனி நிரப்புவது 8 மி.லி. ஸ்பான்ஜில் பழைய மை கொஞ்சம் இருக்கும்போதே ரீஃபில் செய்பவர் சிரிஞ்ச் நிறைய ஏற்றினால், மிச்சம் மேலே காற்றுத் துளை வழியாகவோ கீழே நாசில் வழியாகவோ வழிந்து புள்ளிகளுக்கு வரும். மை மின்சாரத்தைக் கடத்தும். ரீஃபில் செய்து வந்த கார்ட்ரிட்ஜை உடனே பிரிண்டரில் போடாமல், நாசில் கீழ் நோக்கும்படி மடித்த டிஷ்யூ மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். சின்னதாக ஒரு கறை வந்தால் சரி. டிஷ்யூ நனைந்துகொண்டே போனால் அதிகம் ஊற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது காய்ந்து ஓடியது. ஹெச்பியும் கேனானும் மையைச் சூடாக்கித் தெளிக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. நாசிலுக்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய சூடாக்கி ஒரு நொடியின் சிறு பங்குக்குள் மையைக் கொதிக்க வைத்துக் குமிழாக்கித் தள்ளும். அந்தச் சூடாக்கியைக் குளிர வைப்பதும் அதே மைதான். மை தீர்ந்த பிறகும் வெளிறிய தாளாக நாலைந்து அச்சடித்தால் சூடாக்கி எரிந்துவிடும். பிறகு எவ்வளவு மை ஊற்றினாலும் சுற்றிலிருந்து பதில் வராது, பிரிண்டர் ஏற்காது. ஆகவே எழுத்து வெளிற ஆரம்பித்த உடனே நிறுத்தி ரீஃபில் செய்ய வேண்டும், முழுதாக உறிஞ்சிய பிறகு இல்லை. ஸ்டாப் பொத்தானை அழுத்தி மை அளவு பார்ப்பதை நிறுத்தியவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், இனி பிரிண்டர் எச்சரிக்காது.

மூன்றாவது வயது. நாலைந்து முறை நிரப்பிய கார்ட்ரிட்ஜ் திடீரென்று மறுக்கப்பட்டால், துடைத்தும் சரியாகவில்லை என்றால், அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

9. பூட்டு: துடைத்தால் போகாதது

ஹெச்பியில் 'கார்ட்ரிட்ஜ் ப்ரொடெக்ஷன்' என்றோர் அமைப்பு இருக்கிறது. அது ஆன் ஆகி இருந்தால், நீங்கள் போடும் கார்ட்ரிட்ஜ் அந்தப் பிரிண்டரோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடும். பக்கத்து வீட்டில் அதே மாடல் இருக்கிறதே என்று அங்கே போட்டுப் பார்த்தால் 'ப்ரொடெக்டட்' என்று வரும். பிறகு இந்த அமைப்பை அணைத்தாலும் ஏற்கெனவே கட்டுப்பட்ட கார்ட்ரிட்ஜ் விடுபடாது. இனிப் போடுபவைதான் தப்பும். பழைய கார்ட்ரிட்ஜை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் மாட்டுவதும் இதில்தான்.

வைஃபை உள்ள மாடல் என்றால் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கணினி பிரவுசரில் அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். முகவரி ஹெச்பி செயலியிலும் பிரிண்டர் அச்சடிக்கும் தகவல் தாளிலும் இருக்கும். செட்டிங்ஸ் பகுதியில் கார்ட்ரிட்ஜ் ப்ரொடெக்ஷன் இருந்தால் அணையுங்கள். மெனுவின் இடம் மாடலுக்கு மாடல் மாறும்.

அதே பக்கத்தில் டூல்ஸ் பகுதியில் பிரிண்டர் அப்டேட் இருக்கும். நேற்று வரை ஓடிய, வேறு கம்பெனி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் இன்று காலை மறுக்கப்பட்டால் இரவில் அப்டேட் வந்திருக்க வாய்ப்பு அதிகம். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே வந்துவிட்டதை அது பின்னால் இழுக்காது. ஹெச்பியின் அசல் சுற்றே இருக்கும் ரீஃபில் கார்ட்ரிட்ஜை இந்தத் தடை பாதிப்பதில்லை. ஹெச்பி ப்ளஸ் என்ற திட்டத்தில் பிரிண்டரைப் பதிந்திருந்தால் மட்டும் பேச்சே இல்லை: அசல் ஹெச்பி மை, இணைய இணைப்பு இரண்டும் கட்டாயம். புதிதாக வாங்குபவர்கள் முதல் நாள் 'ஆக்டிவேட்' பொத்தானை அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

10. இனிதான் கடைக்கு

இத்தனையும் பார்த்தாயிற்று, குற்றவாளி ஒரே கார்ட்ரிட்ஜ் என்று தெரிந்துவிட்டது என்றால் அதை மட்டும் வாங்குங்கள். கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டுங்கள். பெட்டி மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள், சீல் பிரிந்ததை வாங்காதீர்கள். வாளையாறு தாண்டி வேறு மாநிலத்தில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் ஒன்றுதான், கேட்டு வாங்குங்கள். சீலைக் கிழிக்கும் முன் எண்ணை இன்னொரு முறை பிரிண்டர் கதவுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள்.

எண் சரியான புது அசல் கார்ட்ரிட்ஜும் மறுக்கப்பட்டால், அது தனியாக உள்ளே இருந்தாலும் மறுக்கப்பட்டால், கோளாறு வண்டியின் ஊசிகளிலோ அதற்குப் போகும் தட்டை ஒயரிலோ மின்சுற்றுப் பலகையிலோ இருக்கிறது. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர். இல்லாவிட்டால், இந்த விலை குறைந்த மாடல்களில் பலகை மாற்றும் செலவு கட்டுப்படியாகாது. புதுப் பிரிண்டரையே பாருங்கள். மாதம் நூறு பக்கத்துக்கு மேல் அடிக்கும் வீடு என்றால் மறுபடி கார்ட்ரிட்ஜ் வகைக்குப் போகாமல் டேங்க் வகை வாங்குவதே நல்லது.

புதியது ஏறிவிட்டால் முதலில் அலைன்மென்ட் தாளை அச்சடித்து ஸ்கேன் செய்யச் சொல்லும். தவிர்க்காமல் செய்யுங்கள், இல்லாவிட்டால் எழுத்து இரட்டையாகத் தெரியும். வாரம் ஒருமுறை கலர் உள்ள ஒரு தாளாவது அடியுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்ச் போர்டில் அணைக்காமல் பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் வண்டி ஓரத்துக்குப் போய் நாசில்கள் மூடி மேல் உட்காரும். நடு வழியில் கரண்ட் போய் வண்டி திறந்த இடத்தில் நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, பொத்தானாலேயே அணைத்துவிடுங்கள்.